பூட்டிய அறை மாநாடு

போன வருஷம் அந்த அறைக்குள் இருந்தவர்கள்:

குமரகுரு, ஓய்வுபெற்ற நூலகர், இந்த ஆறு பேர் வட்டத்தின் தலைவர்.
தையல்நாயகி, பெண்கள் கல்லூரி ஒன்றின் நூலகர்.
சிட்டிபாபு, பொறியியல் கல்லூரி நூலகர்.
வடிவாம்பாள், மாகறல் பக்கத்து ஊர் ஒன்றில் கிராம நூலகர்.
ஜெயக்குமார், நகரத்துக் கிளை நூலகர், ஐயம்பேட்டையில் வீடு.
சத்யராஜ், முசரவாக்கத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் கிராம நூலகர்.

கதவுக்கு வெளியே வாட்ச்மேன் குப்புசாமி.

பஸ்ஸில் வரும்போது ஒருமுறை, இறங்கி டீ குடிக்கும்போது ஒருமுறை என்று சத்யராஜ் இந்தப் பெயர்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். தன்னைக் கழித்தால் ஐந்து பேர். அந்த ஐந்தில் ஒரு வாய் திறந்திருக்கிறது. எந்த வாய் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வருஷம் மாநாட்டுக்குப் புறப்பட்டான். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு வார விடுமுறை. வீட்டில் மல்லாந்து கிடந்திருப்பான்.

சித்திரையில் அவனுக்கு ஒரு மெமோ வந்திருந்தது. இரண்டு கேள்விகள். நூலகத்தின் சாவி வெளியாள் ஒருவர் கையில் கொடுத்து வைக்கப்பட்டிருந்ததா? மழையில் நனைந்து வீணான புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டதாக எழுதி அனுப்பியது உண்மையா?

முதல் கேள்வியை ஊரில் யார் வேண்டுமானாலும் கிளப்பியிருக்கலாம். நூலகம் இருப்பது ஊர்த் தெருவில். அவன் சாவி கொடுத்தது காலனியில் இருக்கும் தேவிப்ரியாவிடம். போலீஸ் வேலைக்கும் குரூப் நாலுக்கும் படிக்கிற பிள்ளைகள் விடிந்ததும் வந்து உட்கார ஒரு இடம் வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு ஊர் நூலகங்களை ஒற்றை ஆளாகப் பார்க்கிறவன் விடிந்ததும் வந்து திறக்க முடியாது. கொடுத்தான். எதிர்வீட்டுக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

ஆனால் கரையான் சங்கதி ஊருக்குத் தெரியாது. ஜன்னலைச் சாத்த மறந்துபோன தேவிப்ரியாவுக்கே தெரியாது. சத்யராஜ் அதைச் சொன்னது வாழ்க்கையில் ஒரே ஒரு இடத்தில். பூட்டிய அறைக்குள், ஐந்து பேர் முன்னால்.

பதினாலு வருஷம் கிராம நூலகர் என்கிற பெயரோடு தேய்ந்தாயிற்று. ஆனி பிறந்தால் கிராம நூலகர்களை மூன்றாம் நிலை நூலகர்களாக்கும் பதவி உயர்வுப் பட்டியல் வரும். அவன் பெயர் அதில் வரவேண்டிய முறை. மெமோ தலைக்கு மேல் தொங்குகிறவன் பெயரை அதில் போட மாட்டார்கள். இந்தத் தடவை விட்டால் அடுத்த பட்டியல் எப்போது என்று கேட்டால் ஆபீசில் சிரிப்பார்கள்.

அந்தப் பூட்டு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

பத்து வருஷத்துக்கு முன்னால், வைகாசியில், காஞ்சிபுரம் கருட சேவை அன்றைக்கு நூலகர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு என்று சுற்றறிக்கை போட்டார்கள். ஊரே பெருமாளைப் பார்க்கத் தெருவில் நிற்கும் நாளில் வகுப்பு வைக்கிறவன் வெளியூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். வகுப்பு ரத்து என்று முதல் நாள் சாயங்காலம் தகவல் போயிற்று. ஆறு பேருக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. நெசவாளர் சங்கத்து மாடி ஹாலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வகுப்புதான் இல்லையே, மேலே யார் இருக்கப் போகிறார்கள் என்று குப்புசாமி கதவை வெளியே பூட்டிக்கொண்டு சாமி பார்க்கப் போய்விட்டான். அவன் போனுக்கு அடித்தால் அது கீழே அவன் அறையிலேயே பாடிக்கொண்டிருந்தது.

ஜன்னல் வழியாகக் குடைகளின் உச்சி தெரிந்தது. கத்திப் பார்த்தார்கள், மேளத்துக்கு முன்னால் எடுபடவில்லை. குமரகுரு ஒன்றுக்கு வந்து அடக்கமுடியாமல் அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அவர் கவனத்தைத் திருப்பத்தான் தையல்நாயகி அந்தக் கதையைச் சொன்னாள். கல்லூரி நிறுவனர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புத்தகங்களைப் பழசு என்று பேப்பர்க்காரனுக்குப் போட்டுவிட்டாள். நிறுவனர் தினத்தன்று வாசலில் வாங்கி வந்த வடைப் பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே எண்ணெயில் ஊறிக்கொண்டு அவர் கையெழுத்து.

சிரித்துச் சிரித்துக் குமரகுரு, "வேணாம்மா, என் நிலைமை தெரியாம பேசற" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு ஆளுக்கொன்று வந்தது. தப்பைச் சொல்லச் சொல்ல மனசு லேசாயிற்று. குப்புசாமி நெற்றி நிறைய நாமத்தோடு வந்து திறந்து காலில் விழாத குறையாக நின்றபோது, சத்யராஜ்தான் சொன்னான்: "பரவால்லபா. அடுத்த வருஷமும் வந்து பூட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த வருஷம் கருட சேவை முடிந்த வெள்ளிக்கிழமை ஆறு பேரும் வந்தார்கள். குப்புசாமியும் பூட்டினான். மாநாடு என்று முதலில் கிண்டலுக்குத்தான் சொன்னார்கள். மேடை இல்லை, மைக் இல்லை, மாலை இல்லை. வருஷத்தில் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். சொன்னது கதவைத் தாண்டக் கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

அந்த அறையிலிருந்து நல்லதும் வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. தையல்நாயகியின் கணவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வந்தது. மற்ற ஐந்து பேரும் முறைபோட்டுப் போய் அலமாரிகளை அடுக்கிக் கொடுத்தார்கள். ஒருவர் நூலகத்தில் இருப்பு சரிபார்க்க அதிகாரி வருகிறார் என்றால், குறைகிற புத்தகங்கள் மற்றவர் நூலகத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கும். முத்திரை வேறாக இருக்கும். அட்டையைத் திறந்து பார்க்கிற அதிகாரி இன்னும் பிறக்கவில்லை. ஜெயக்குமாருக்காக சத்யராஜ் இரண்டு தடவை அப்படிச் சாக்கில் கட்டிச் சுமந்திருக்கிறான்.

இந்த வருஷம் பத்தாவது என்று குமரகுருவுக்கு ஆசை வந்துவிட்டது. காலையில் மேடை, ஃபிளெக்ஸ், மற்ற நூலகர்களுக்கும் அழைப்பு, பத்தாம் ஆண்டு மலர். சிறப்பு விருந்தினராக மாவட்ட நூலக அதிகாரி. மெமோவில் கையெழுத்துப் போட்ட அதே அதிகாரி. சாப்பாட்டுக்குப் பிறகுதான் பழைய ஆறு பேருக்கும் பூட்டிய அறை.

அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சத்யராஜ் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிட்டிபாபு பல்லைக் கடித்தான்.

"பாலிஸ்டர்பா அது. எங்க வூட்ல மூணு தறி ஓடுது, என்ன ஒரு வார்த்தை கேக்கல. காஞ்சிபுரத்துல வந்து பாலிஸ்டர் போத்திக்கினு போறாரு மனுசன்."

"அவரு இன்னா உரசியா பாக்கப் போறாரு?" என்றாள் பின்னாலிருந்து வடிவாம்பாள்.

சத்யராஜ் சிரிக்கவில்லை. சிட்டிபாபுவின் வாயைப் பார்த்தான். இதுவா? வளவளவென்று பேசுகிற வாய். ஆனால் அதிகாரியிடம் பேசுகிற வாய் இல்லை.

ஜெயக்குமார் மைக்கைப் பிடித்தான். மலரில் தான் எழுதிய 'எங்கள் வட்டத்தின் கதை' என்ற கட்டுரையிலிருந்து சில பத்திகள் வாசிப்பதாகச் சொன்னான். அவனுக்கு நல்ல குரல். கருட சேவை, குடைகள், பூட்டு எல்லாம் வந்தது. கூட்டம் ரசித்தது. பிறகு குரலைத் தணித்தான்.

"எங்களில் ஒருவர். பெயர் வேண்டாம். ஒரு சிற்றூரில், காலனியைச் சேர்ந்த ஓர் ஏழைப் பெண்ணின் கையில் நூலகத்தின் சாவியை நம்பிக் கொடுத்தார். அவள் ஒருநாள் ஜன்னலைச் சாத்த மறந்தாள். பெருமழை. புத்தகங்கள் நனைந்தன. அவர் என்ன செய்தார் தெரியுமா? பழியைக் கரையான் மீது போட்டு அந்தப் பெண்ணைக் காத்தார்! இதுவல்லவா தொண்டு?"

கை தட்டினார்கள். தையல்நாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதிகாரியும் தட்டினார், சின்னதாக, இரண்டு விரலால் உள்ளங்கையில்.

சத்யராஜுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. முட்டாளாக நிற்கிற உணர்ச்சி. பகையாளியைத் தேடி வந்தவனுக்குப் பாராட்டுக்காரன் கிடைத்திருந்தான்.

சாப்பாட்டில் ஜெயக்குமாருக்கு எதிரில் போய் உட்கார்ந்தான். பழைய ஆறு பேரும் ஒரே மேசை. அதிகாரிக்கு உள் அறையில் தனி இலை.

"நீதானா?"

"இன்னா நீதானா?"

"அத எழுதினது."

"பின்ன யாரு? நல்லா இருந்துச்சா? கரையான் எடத்துல கை தட்டுனாங்க பாத்தியா? நாலு ராத்திரி முழிச்சு எழுதினேன்பா."

"அந்தாளு இத எப்ப படிச்சாரு?"

"வாழ்த்துரை வாங்கறதுக்கு மாசியிலயே குடுத்தேன். எல்லாத்தியும் படிச்சிட்டு, 'உருக்கமா இருக்குது'ன்னாரு."

"எனக்கு மெமோ சித்திரையில வந்துது."

ஜெயக்குமாரின் கை சாம்பார் சாதத்தில் நின்றது. மெமோ வந்த விஷயம் மேசையில் எல்லோருக்கும் தெரியும். கேள்விகள் என்ன என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. சத்யராஜ் சொன்னான். இரண்டையும் வார்த்தை மாறாமல் சொன்னான்.

"பேரு போடலயே சத்யா," என்றான் ஜெயக்குமார். குரல் இறங்கியிருந்தது.

"காலனிப் பொண்ணுன்னு போட்டியே. இந்த ஜில்லாவுல காலனிப் பொண்ணு கையில சாவி குடுத்தவன் எத்தினி பேரு? நீ உன் சாவிய ஜரிகைக் கடையில குடுத்துட்டுப் போற. வடிவாக்கா குருக்கள் வூட்ல குடுக்கறாங்க. அதெல்லாம் ஏன் எழுதல?"

"அதுல இன்னாபா கதை இருக்குது?"

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான். சத்யராஜுக்குத் தோன்றிய பதிலைச் சாப்பாட்டு மேசையில் சொல்ல முடியாது. ஜரிகைக் கடைக்காரன் கையில் இருக்கும் சாவி வெறும் சாவி. காலனிப் பெண் கையில் இருந்தால்தான் அது தொண்டு. அதே சாவி, மறுநாள், குற்றம்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு," என்றான். "ஒண்ணு மட்டும் பண்ணுங்க. அவரு கை கழுவிட்டு வரதுக்குள்ள அஞ்சு பேரும் என்கூட வந்து நில்லுங்க. சாவிய பக்கத்துல குடுக்கறது இவன் மட்டும் செய்யறது இல்ல சார், நாங்களும்தான்னு ஒரு வார்த்தை. அது போதும். தனியா நான் சொன்னா சாக்கு. ஆறு பேரு சொன்னா வழக்கம்."

அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது.

"நான் பிரைவேட் காலேஜுப்பா," என்றாள் தையல்நாயகி. "நான் சொல்லி எடுபடுமா?"

"எங்க கரஸ்பாண்டென்டும் இவரும் ஒண்ணா வாக்கிங் போறவங்க," என்றான் சிட்டிபாபு. "என் வாயப் பத்தி உனக்குத் தெரியாதா? உனக்கு நல்லது பண்றேன்னு போயி கெடுத்துட்டு வந்துருவேன்."

"நான் வேணா அப்புறமா தனியா பாத்து பேசறேன்," என்றான் ஜெயக்குமார்.

வடிவாம்பாள் மட்டும் நேராகப் பார்த்தாள். "எனக்கும் அந்த லிஸ்ட்ல பேரு இருக்குது சத்யா. உனக்கு அடுத்த பேரு என்னுது. நான் வரமாட்டேன். தப்பா நெனச்சுக்கினாலும் சரி."

அவள் மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. அந்த மேசையில் பொய் சொல்லாத ஒரே ஆள் அவள்தான்.

குமரகுரு இலையை மடித்தார். "வந்த விருந்தாளிய சங்கடப்படுத்தறது நம்ம மரபு இல்லப்பா."

"இன்னா மரபு ஐயா? பத்து வருசத்துல இன்னிக்கித்தான் விருந்தாளியே வந்துருக்காரு."

"அதான் சொல்றேன்."

அதிகாரி வெளியே வந்தபோது சத்யராஜ் தனியாகத்தான் போய் நின்றான். அவர் பொன்னாடையை மடித்து ஓட்டுநரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் சத்யராஜா? கதை நல்லா இருந்தது. மனசத் தொட்டுச்சு."

"சார், அது எல்லா எடத்துலயும்..."

"திங்கட்கிழமை விசாரணைக்கு வந்துடுங்க. எதுவா இருந்தாலும் அங்க சொல்லுங்க. யார் யார் செய்யறாங்கன்னு பேரோட சொன்னா உங்களுக்கும் நல்லது."

ஜெயக்குமார் கார்க் கதவைத் திறந்துவிட்டான். கடைசி வார்த்தைகள் அவன் காதில் விழுந்தன. சத்யராஜ் அதைப் பார்த்தான்.

வந்திருந்த மற்ற நூலகர்கள் மலரையும் தாம்பூலப் பையையும் வாங்கிக்கொண்டு கலைந்தார்கள். குப்புசாமி பூட்டோடு மாடிப்படி ஏறினான். ஐந்து பேரும் ஏற்கெனவே உள்ளே வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலிகள் ஐந்துதான் இருந்தன. மூலையில் அடுக்கியிருந்ததிலிருந்து ஒன்றை எடுக்க சத்யராஜ் போனான்.

இந்த வருஷம் தன் தப்பு என்று சொல்ல அவனிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. மூன்று நாளாக அதை மனசுக்குள் இழைத்துக்கொண்டிருந்தான். போன வருஷம் இந்த அறையில் வாயைத் திறந்ததுதான் என் தப்பு. சொல்லிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தான். இப்போது பார்க்க வேண்டிய முகம் ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் சொல்லியே தீர வேண்டும்.

குமரகுரு எழுந்து வந்து நாற்காலியின் முதுகில் கை வைத்தார்.

"சத்யா, இந்த ஒரு வருசம் மட்டும் நீ வெளிய இருந்துக்கோப்பா."

"எதுக்கு?"

"விசாரணை நடக்குது. திங்கக்கெழம உன்னக் கேப்பாங்க. யார் யார்னு கேப்பாங்க. இங்க இவங்க பேசறது உன் காதுல வுழுந்தா, நாளைக்கு நீயே நெனச்சாலும் மறைக்க முடியாது. உனக்கும் சங்கடம், இவங்களுக்கும் சங்கடம்."

சத்யராஜுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. வெளியே சொன்னவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். சொல்லப்பட்டவன் மேல் சந்தேகம்.

"ஜெயக்குமாரு உள்ள இருக்கலாமா ஐயா?"

"அவன் நல்ல எண்ணத்துல எழுதினான்."

"நான் யாரையாவது காட்டிக் குடுப்பேன்னு நெனக்கறீங்களா?"

சிட்டிபாபு செல்போனைப் புரட்டிக்கொண்டிருந்தான். தையல்நாயகி மலரின் அட்டையைத் தடவினாள். ஜெயக்குமார் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அவரு உன்னாண்ட பேரோட கேட்டாரே சத்யா. நான் கேட்டுக்கினுதான இருந்தேன்."

அந்த நொடி வரை சத்யராஜுக்கு அப்படி ஒரு யோசனையே இல்லை. இப்போது அது வந்தது. வடையில் ஊறிய கையெழுத்திலிருந்து தொடங்கி, யாருடைய புத்தகம் எந்தச் சாக்கில் எங்கே போனது என்பது வரை, பத்து வருஷத்துத் தப்புகள் அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். வாயைத் திறந்தால் போதும். அந்த அறையில் ஐந்து பேருக்கும் அது தெரிந்திருந்தது. அவனுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை தான் வாயைத் திறக்கப் போவதில்லை என்பதும் கூடவே தெரிந்தது. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அங்கே இவர்கள் கதையைச் சொன்னால், தேவிப்ரியாவைப் பற்றி ஜெயக்குமார் வாசித்த அதே குரல்தான் தன் வாயிலிருந்தும் வரும். அதுதான் காரணம். இதை இவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். நம்பினால் அதையும் ஒரு கட்டுரை ஆக்குவார்கள்.

நாற்காலியைத் திரும்ப அடுக்கின் மேல் வைத்தான். அது சரியாக உட்காரவில்லை. தட்டி உட்கார வைத்தான். தயாராக வைத்திருந்த வாக்கியத்தை அவன் சொல்லவில்லை.

"பைய மறந்துட்ட பாரு," என்று வடிவாம்பாள் தாம்பூலப் பையை நீட்டினாள். உள்ளே ஒரு தேங்காய், வெற்றிலை, மலர். தேங்காயை மட்டும் எடுத்துக்கொண்டு பையை அவள் மடியிலேயே வைத்தான்.

வெளியே குப்புசாமி பூட்டின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னா சார், நீ உள்ள போகல?"

"இல்லபா."

"அஞ்சு பேரோட பூட்டிடவா? போன வருசம் வரைக்கும் ஆறாச்சே."

"பூட்டு."

"நீதான சார் மொதல்ல என்ன பூட்டச் சொன்னது?" குப்புசாமிக்கு அது ஞாபகம் இருந்ததில் சந்தோஷம். "அன்னிக்கி நீ திட்டுவேன்னு நெனச்சேன். நீ இன்னாடான்னா அடுத்த வருசமும் வந்து பூட்டுன்னு சொல்ற."

உள்ளே யாரோ எதையோ சொல்ல, சிட்டிபாபுவின் சிரிப்பு முதலில் வந்தது. பின்னாலேயே தையல்நாயகியின் சிரிப்பு. ஜெயக்குமாரின் நல்ல குரல், "இருங்க இருங்க, மொதல்ல நான் சொல்றேன்" என்றது.

"தள்ளிக்கோ சார்," என்று குப்புசாமி கதவை இழுத்துச் சாத்தினான். தாழ்ப்பாளைத் தள்ளி, பூட்டை மாட்டி அழுத்தி, பூட்டிவிட்டதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தான்.